"சும்மா வந்து எடுத்துத் தாங்க மகள்"

கடந்த வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு ஒரு பிள்ளை தன் உம்மாவோடு வந்தாள். எங்கள் இருவரிடமும் படித்தவள். நாங்கள் கணவனும் மனைவியும் ஆசிரியர்கள் என்பது இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். ஒருவர் வரலாறு, மற்றவர் வணிகக் கல்வி. எழுதுகிற கை ஒன்று, கதை இருவருடையது.

உயர்தரத்தில் கலைப்பிரிவில் நல்ல பெறுபேறுதான் எடுத்தாள். இசட் புள்ளி கொஞ்சம் தவறியதால் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. கட்டாரில் வேலை செய்யும் வாப்பா ஒரு கெமரா வாங்கிக் கொடுத்தார். புதியது அல்ல, கைமாறியது. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்ட பிறகு, 200 சொச்சத்தில் நின்ற டொலர் இரண்டு மாதத்துக்குள் 360 வரை போனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு கெமரா கடைக்குள் நுழைந்தவர்களுக்கு விலை தெரியும். புதியது வாங்க அந்த வாப்பாவால் முடியவில்லை.

தேத்தண்ணி குடித்து முடிந்ததும் பிள்ளை சொன்னாள்: "சேர், டீச்சர், ஒரு விசயம் கேக்க ஈக்கி."

அடுத்த மாதம் அக்குறணையில் ஒரு கலியாணம். ஆண்கள் பக்கத்துக்குக் கண்டி டவுனிலிருந்து ஆள் பேசி, அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது. பெண்கள் பக்கத்துக்குப் பெண் ஒருத்திதான் எடுக்க வேண்டும் என்று தேடியிருக்கிறார்கள். யாரோ இவளுடைய நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். மணமகளின் சாச்சி கோல் எடுத்து, "நீங்க இப்பதானே மகள் தொடங்கி ஈக்கிறீங்க, சும்மா வந்து எடுத்துத் தாங்க. உங்களுக்கும் நாலு பேருக்குக் காட்டப் படம் வேணும்தானே" என்றாராம்.

"போகட்டுமா சேர்?"

எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அந்தச் சாச்சி சொன்ன வசனத்தை, ஏறத்தாழ அதே வார்த்தைகளில், இதே பிள்ளையிடம் நாங்களும் ஒரு தடவை சொல்லியிருக்கிறோம்.

2023இல் எங்கள் பாடசாலையின் பரிசளிப்பு விழா. விழாக் குழுவில் நாங்கள் இருவரும் இருந்தோம், கணக்குப் புத்தகமும் எங்கள் கையில்தான் இருந்தது. வழமையாக வருகிற போட்டோக்காரர் கேட்ட தொகை கூடுதலாகத் தெரிந்தது. "எங்கட பிள்ளை ஒண்டு ஈக்கிதே, கெமராவும் வெச்சிருக்கு" என்று ஆசிரியர் அறையில் யாரோ சொன்னார்கள். நாங்கள்தான் கோல் எடுத்தோம். "படிச்ச ஸ்கூல்தானே மகள். உனக்கும் பேர் வரும்."

அவள் காலை ஏழு மணிக்கு வந்தாள். மாலை நாலரை வரை நின்றாள். விழா முடிந்து ஒரு கிழமையில் அறுநூறு படங்களைத் திருத்தி ஒரு பென் டிரைவில் போட்டுத் தந்தாள்.

பிள்ளை அன்று வீட்டுக்கு வந்து போன பிறகு அந்தக் கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். ஒலிபெருக்கிக்காரருக்குக் கொடுத்திருக்கிறோம். கதிரை வாடகைக்குக் கொடுத்திருக்கிறோம். மேடைக்குப் பூ வைத்தவருக்கு, அழைப்பிதழ் அச்சடித்தவருக்கு, சாப்பாட்டுப் பார்சல் தந்த கடைக்கு, அதிதிகளை ஏற்றி வந்த வானுக்கு, எல்லோருக்கும் கொடுத்திருக்கிறோம். ஒலிபெருக்கிக்காரரிடம் "உங்களுக்கும் பேர் வரும் நானா, சும்மா பூட்டித் தாங்க" என்று கேட்க எங்களுக்கு நாக்கு வந்திருக்காது. சிரித்திருப்பார். அந்தப் பிள்ளையிடம் மட்டும் நாக்கு வந்தது. ஏன்? எங்களிடம் படித்தவள், பெண்பிள்ளை, மறுக்க மாட்டாள் என்று தெரியும். அவ்வளவுதான்.

"பேர் வரும்" என்ற பேச்சும் பொய்யாகப் போனது. பாடசாலைச் சஞ்சிகையில் அவளுடைய படங்கள் பதினொன்று வந்தன. கீழே பெயர் இல்லை. யாரும் வேண்டுமென்று விடவில்லை, யாருக்கும் நினைவு வரவில்லை. காசு கொடுத்து வாங்காத பொருளுக்கு உரிமையாளர் இருக்கிறார் என்பதே மறந்துபோகிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் புகைப்படமும் பாதுகாக்கப்பட்ட ஆக்கம்தான். எடுத்தவரின் பெயரைப் போடுவது நாங்கள் காட்டும் பெருந்தன்மை அல்ல, அவருடைய உரிமை. அதை வகுப்பில் படிப்பிக்கிற ஆட்களே மறந்தோம்.

இன்னொன்றும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஐந்தாம் தரப் பிள்ளை ஒன்று பரிசு வாங்கும் கணம் படத்தில் விழவில்லை. யாரோ குறுக்கே போயிருக்கிறார்கள். உம்மா வந்து அழுதார். அப்போது எங்களில் ஒருவர் இவளைக் கூப்பிட்டு, "கவனமா ஈந்திருக்கலாமே" என்று ஏசினோம். சல்லி ஒரு சதம் கொடுக்காமல் ஏசினோம். காசு கொடுத்த ஆளிடம் குறை கேட்கலாம், அவரும் பதில் சொல்வார், திருத்துவார், கொஞ்சம் கழித்துக்கொள்ளவும் செய்வார். சும்மா செய்தவரிடம் கேட்க நியாயம் இல்லை. ஆனால் கேட்கிறோம். அவரும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார். இலவச வேலையில் இரண்டு பக்கமும் கெட்டுப்போகிறது என்று நாங்கள் கண்டுகொண்டது அந்த நாளில் அல்ல, இரண்டு வருஷம் கழித்துக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டும்போது.

எங்களுக்கு இது புரிந்திருக்க வேண்டும். எங்களில் ஒருவர் நியமனம் கிடைக்குமுன் கம்பளைக்கு அப்பால் ஒரு பாடசாலையில் பதினான்கு மாதம் தொண்டர் ஆசிரியராக இருந்தவர். சம்பளம் இல்லை, பஸ் காசும் இல்லை. "அனுபவம் வரும், நியமனம் வரும்போது உதவும்" என்றார்கள். நியமனம் வந்தது, ஆனால் அது போட்டிப் பரீட்சையால் வந்தது. பதினான்கு மாதத்தை யாரும் கேட்கவேயில்லை. வடக்கிலும் கிழக்கிலும் தொண்டர் ஆசிரியர்கள் வருஷக்கணக்காகப் படிப்பித்துவிட்டு, நிரந்தர நியமனம் கேட்டு வீதியோரம் உட்கார்ந்திருந்ததைப் பத்திரிகையில் பார்த்திருக்கிறோம். 2021இல் ஆசிரியர்கள் அதிபர்கள் 24 வருஷச் சம்பள முரண்பாட்டுக்காக இணையவழி வகுப்புகளை நிறுத்தியபோது, "இது புனிதமான தொழில், காசைப் பார்க்கலாமா" என்று எங்களுக்குப் புத்தி சொன்னவர்கள் எத்தனை பேர். தொழிலைப் புனிதம் என்று சொல்கிற ஆள் பெரும்பாலும் கூலியைக் குறைக்கத்தான் வருகிறார். போட்டோக் கலைக்கும் அதே கதை. "உனக்கு விருப்பமான வேலைதானே" என்கிறார்கள். விருப்பமான வேலைக்குப் பெற்றோல் இனாமாகவா கிடைக்கிறது?

சரி, அக்குறணைக்கு வருவோம்.

வணிகக் கல்விக்காரர் ஒரு பழைய வினாத்தாளின் பின்பக்கத்தை எடுத்து, பிள்ளையை அருகில் உட்கார வைத்துக் கணக்குப் போட்டார். மடவளையிலிருந்து போகவர திரீவீல். கலியாணம் முடிந்து இரவில் கெமராவைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வர முடியாது, உம்மாவும் கூட வர வேண்டும், ஆகவே உம்மாவின் ஒரு நாள் தையல் வேலையும் போகிறது. எடுத்த படங்களைத் திருத்த மூன்று நாள். மின்சாரம், டேட்டா. கெமராவின் ஷட்டருக்கும் ஆயுள் உண்டு. நடுத்தரக் கெமராக்களுக்கு ஓர் இலட்சம் தடவை அளவில் சொல்வார்கள். ஒரு கலியாணத்தில் 2,500 தடவை அழுத்தினால் நாற்பது கலியாணத்தில் முடிந்தது. இவளுடையது கைமாறிய கெமரா, எத்தனை கலியாணம் ஏற்கெனவே பார்த்துவிட்டு வந்ததோ. தேய்மானம் என்று சாதாரண தரத்தில் படித்தது இதுதான் என்று காட்டினார். அவள் தன்னுடைய உழைப்புக்கு ஒரு ரூபாகூடப் போடாமலே, கைக்காசு 11,000 போகிறது என்று வந்தது. "சும்மா" என்பதற்கு அர்த்தம் சும்மா இல்லை. மணமகள் வீட்டாருக்கு அவள் 11,000 ரூபா மொய் எழுதுகிறாள்.

பிள்ளை தாளைப் பார்த்தபடி சொன்னாள்: "ஆனா டீச்சர், எனக்குக் காட்டப் படம் வேணுமே. ஒண்டும் இல்லாம யார் என்னைக் கூப்பிடுவாங்க?"

நியாயமான கேள்வி. ஒரு பெண்ணின் வாழ்க்கையில் ஒரே தடவை வருகிற நாள் அது. வேலை எப்படி என்று தெரியாத ஒருத்தியிடம் யார் நம்பிக் கொடுப்பார்கள்? இலவசமாகச் செய்து காட்டு என்று உலகம் முழுதும் புதிய போட்டோக்காரர்களுக்குச் சொல்லப்படுகிற புத்திமதிக்கு அடிப்படை இதுதான். காசு இல்லை, பதிலுக்குப் படம். அதை உன் பக்கத்தில் போடு, அதைப் பார்த்து அடுத்தவர் காசு கொடுப்பார். பண்டமாற்று.

அப்போதுதான் வரலாற்றுக்காரர் கேட்டார்: "படத்தை உன்ட பேஜில போடலாம் எண்டு சொன்னாங்களா?"

பிள்ளை உம்மாவைப் பார்த்தாள். உம்மா சொன்னார்: "இல்ல சேர். ஃபேஸ்புக்கில எங்கயும் போட வேணாம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்லயும் வேணாம், மாப்பிள்ளை விரும்ப மாட்டார் எண்டுதான் சொன்னாங்க."

அந்த வீட்டாரின் விருப்பத்தை நாங்கள் குறை சொல்லவே இல்லை. எங்கள் மகளின் கலியாணப் படமும் எங்கேயும் போடப்படவில்லை, போடவும் விட மாட்டோம். பெண்கள் பக்கத்தில் ஹிஜாப் இல்லாமல், நகையோடு, சொந்தக்காரர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் நேரம் அது. வெளியே போகக் கூடாது. பெண் ஒருத்திதான் எடுக்க வேண்டும் என்று தேடுவதே அதற்காகத்தான். ஆனால் அப்படியானால் இந்தப் பண்டமாற்றில் பிள்ளைக்குக் கிடைக்கும் பண்டம் எது? காட்டுவதற்குப் படம் கிடைக்கும் என்கிறார்கள், காட்டக் கூடாது என்றும் அதே மூச்சில் சொல்கிறார்கள். இதை அந்தச் சாச்சி ஏமாற்ற நினைத்துச் சொல்லவில்லை. யோசிக்காமல் சொல்லியிருப்பார். நாங்கள் "பேர் வரும்" என்றது போல.

எங்கள் ஊர்களில் பெண்கள் பக்கம் எடுக்கிற பிள்ளைகள் இப்போது பெருகி வருகிறார்கள். மடவளை, அக்குறணை, கட்டுகஸ்தோட்டை, திகன எங்கும் இருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் வேறு போட்டோக்காரர்களுக்குச் சொல்லப்படும் புத்திமதி இவர்களுக்குப் பொருந்தாது. கண்டியில் ஓர் இளைஞன் பேராதனைப் பூங்காவிலோ ஹந்தானையிலோ ஒரு சோடியை வைத்து இலவசமாகப் பிரீ-ஷூட் எடுத்தால், அடுத்த நாள் பக்கத்தில் போடலாம், நூறு பேர் பகிர்வார்கள். அவனுக்கு அது நட்டமா இலாபமா என்று வாதாடலாம். இவளுக்கு வாதாடவே இடமில்லை. எத்தனை கலியாணம் இலவசமாக எடுத்தாலும் தொகுப்பில் ஒரு படம் சேராது. வாய்மொழிதான் இவளுடைய தொகுப்பு. அந்த வாய்மொழியோ, "சும்மா எடுத்துத் தரும் பிள்ளை ஒண்டு மடவளையில ஈக்கி" என்று பரவும். பிறகு அதை யார் மாற்றுவது?

கண்டியின் பழைய கதை ஒன்றை வரலாற்றுக்காரர் அங்கே நுழைத்தார். சார்ல்ஸ் ஸ்கோவன் என்று ஓர் ஆங்கிலேயர். 1873 அளவில் இலங்கைக்கு வந்து, கண்டியில் ஒரு கமிஷன் ஏஜெண்டிடம் உதவியாளராக வேலை பார்த்தவர். 1876 அளவில் இதே ஊரில் போட்டோ ஸ்டூடியோ திறந்தார். பத்து வருஷத்துக்குள் கொழும்பிலும் ஒன்று. அவருடைய பெயரை இன்றும் நிறுத்தி வைத்திருப்பவற்றில் பேராதனைப் பூங்காவின் மரங்களும் மலைநாட்டுக் காட்சிகளும் பெரும் பங்கு. மரத்திடம் "உனக்கு இலவசமாக எடுத்துத் தருகிறேன்" என்று சொல்ல வேண்டியதில்லை. கற்றுக்கொள்ளவும் காட்டவும் வாடிக்கையாளரே தேவை என்பதில்லை.

ஜூலியா மார்கரெட் கெமரன் என்ற அம்மையார் இன்னும் பெரிய பெயர். 48 வயதில் மகளும் மருமகனும் ஒரு கெமராவைப் பரிசளிக்க, அதிலிருந்து தொடங்கியவர். வீட்டு வேலைக்காரப் பெண்கள், அயலவர், பெரிய கவிஞர்கள், விஞ்ஞானிகள் என்று எல்லோரையும் உட்கார வைத்துப் படம் எடுத்தார். பிறகு இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாப் பக்கத் தோட்டம் ஒன்றில் மரணித்தார். பொகவந்தலாவை தேவாலயத்தில் அடக்கம். கண்டியிலிருந்து விடிகாலையில் புறப்பட்டால் மதியத்துக்குள் பார்த்துவிடலாம், நாங்கள் போயிருக்கிறோம். அவரைச் சொல்லி, "பார், பெரிய ஆட்களும் இலவசமாகத்தான் தொடங்கினார்கள்" என்பார்கள். ஆனால் அவர் தன் படங்களுக்கு லண்டனில் பதிப்புரிமை பதிந்தார், பிரதிகளைக் கடை மூலம் விற்றார். யாரை, எப்படி எடுப்பது என்று அவரே தீர்மானித்தார், படமும் அவருடையதாகவே இருந்தது. அங்கே கூலியில்லாமல் வேலை செய்தது அவர் அல்ல, அசையாமல் உட்கார்ந்திருந்தவர்கள்தான். அவர் இலங்கையில் எடுத்த தோட்டத்து, கிராமத்து முகங்களில் பலவற்றுக்குப் பெயர்கூட இல்லை. இலவசம் என்றால் யாரோ ஒருவர் கொடுக்கிறார், அது யார் என்றுதான் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் எங்கள் இருவருக்குள் ஒரு சின்ன வாக்குவாதமும் வந்தது, பிள்ளையின் முன்னாலேயே. ஒருவர் சொன்னது: ஒரு நாளும் இலவசம் கூடாது. நீ இலவசமாக எடுக்கும் ஒவ்வொரு கலியாணமும், வாடகை கட்டி, பிள்ளைகளை வளர்க்கிற இன்னொரு பெண்ணின் ஒரு நாள் வருமானம். மற்றவர் சொன்னது: அப்படி இறுக்கிச் சொல்ல முடியாது. வாப்பா இல்லாத பிள்ளை ஒன்றுக்குப் பள்ளிவாசல் ஜமாஅத் சேர்ந்து நிக்காஹ் நடத்தி வைக்கிறது, அந்தப் பிள்ளைக்கும் ஒரு அல்பம் இருக்க வேண்டாமா? அதற்குப் போ, மனம் நிறைந்து போ. ஆனால் அதை ஸதகா என்று நிய்யத் வைத்துப் போ. தொழில் வளரும் என்று போகாதே. அங்கே எடுத்த படத்தைக் காட்டி ஆள் பிடிக்கவும் கூடாது. ஸதகாவையும் வியாபாரத்தையும் ஒரே பையில் போட்டால் இரண்டும் பழுதாகும். இதில் நாங்கள் ஒத்துப்போனோம். மண்டபம் பிடித்து ஆயிரம் பேருக்குப் புரியாணி போடுகிற வீட்டுக்கு ஸதகா தேவையில்லை என்பதிலும் ஒத்துப்போனோம்.

பிறகு காட்டுவதற்குப் படம் எங்கே தேடுவது என்று நால்வரும் யோசித்தோம். உண்மையில் உம்மாதான் அதிகம் சொன்னார். மருதாணிக் கை. முகம் வேண்டாம், கை மட்டும், அதுவும் தாத்தாவின் கை, சொந்த வீட்டில். மஹர் தட்டு, சீர்த் தட்டு, வட்டிலப்பம், கேக், மேடை அலங்காரம், ஆட்கள் வருமுன் காலியாக இருக்கும் மண்டபம். மணப்பெண்ணின் சாரிக் கரை, செருப்பு. ஒன்றிலும் யாருடைய மானமும் இல்லை, வேலையின் தரம் முழுதும் தெரியும். கேக் செய்கிற பெண்கள், மருதாணி போடுகிற பெண்கள் ஊரில் நிறைய. அவர்களுக்கும் காட்டப் படம் வேண்டும், அவர்களோடு செய்தால்தான் அது உண்மையான பண்டமாற்று. குறைந்த வெளிச்சத்தில் எடுக்கப் பழக வேண்டுமா, எசல பெரஹெராவைவிடப் பெரிய பள்ளிக்கூடம் இல்லை. பத்து இரவு, கொப்பரைத் தீவட்டி வெளிச்சம், நகர்ந்துகொண்டே இருக்கும் யானை. கண்டியின் போட்டோக்காரர்களில் எத்தனையோ பேர் அங்கேதான் கை பழகினார்கள். யாரிடமும் அனுமதிக் கடிதம் கேட்கத் தேவையில்லை. (உம்மா உடனே, "ராவையில சனத்துக்குள்ள போகவா, வாப்பா கொல்லுவார்" என்றார். சரி, சித்திலெப்பை மாவத்தையில் தெரிந்தவர் வீட்டு மாடி இருக்கிறது, பார்ப்போம்.)

அனுபவமுள்ள ஒரு பெண் போட்டோக்காரரோடு உதவிக்குப் போவதும் ஒன்று. லைட் பிடிக்க, பை தூக்க. கூலி குறைவாக இருக்கும், ஆனால் பக்கத்தில் நின்று பிழை திருத்த ஒருவர் இருப்பார். எங்கள் கல்வியியற் கல்லூரிகளில்கூட இரண்டு வருஷம் படித்துவிட்டு மூன்றாம் வருஷம் பாடசாலைக்குப் பயிலுநராக அனுப்புகிறார்கள், விரிவுரையாளர் வந்து பின்வாங்கில் உட்கார்ந்து பார்க்கிறார். அந்தப் பின்வாங்கு ஆள் இல்லாத இலவச வேலை பயிற்சி ஆகாது.

கடைசியில் பிள்ளை அந்தச் சாச்சிக்கு எங்கள் வீட்டிலிருந்தே ஒரு குரல் பதிவு அனுப்பினாள். சொல்ல வேண்டியதை நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லை, அவளே சொன்னாள். இரண்டு தடவை அழித்துவிட்டு மூன்றாம் தடவை அனுப்பினாள். 25,000 ரூபா, அரைவாசி முன்பணம். படம் ஒன்றும் எங்கும் போட மாட்டேன், உங்களுக்குக் கொடுத்த பிறகு என் கணினியிலும் வைத்திருக்க மாட்டேன், அதை எழுதிக் கையொப்பம் வைத்துத் தருகிறேன். இந்தக் கடைசி விஷயம் எங்களுக்குத் தோன்றவேயில்லை. ஆண்கள் பக்கத்துக்கு வருகிற டவுன்காரர் இதைத் தருவாரா என்று கேட்டால் தெரியும். அவளிடம் விற்க இருப்பது அதுதான்.

குரல் பதிவு போன பிறகு நாங்கள் உள்ளே போய், 2023 பரிசளிப்பு விழாவுக்கென்று ஒரு தொகையை உறையில் போட்டு வந்தோம். பாடசாலைக் காசு அல்ல, எங்கள் காசு. கூப்பிட்டது நாங்கள், ஏசியதும் நாங்கள். பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "டீச்சர், அது ஸ்கூலுக்குத்தானே" என்றாள். கூலிக்காரரின் கூலியைப் பற்றி எத்தனை ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம், எங்களைக் கடனோடு விடாதே என்றோம். உம்மாதான், "எடு மகள்" என்றார்.

எடுத்தாள். பிறகு பையிலிருந்து ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகத்தை வெளியே எடுத்தாள். கட்டுகஸ்தோட்டையில் ஒரு புத்தகக் கடையில் வாங்கியதாம், ஐந்து மாதமாகப் பையிலேயே கிடந்ததாம். முதல் தாள், இலக்கம் 001. எங்கள் பெயரை எழுதிவிட்டு, திகதி எதைப் போடுவது, விழா நடந்த திகதியா இன்றைய திகதியா என்று கேட்டாள். காசு கைமாறிய திகதியைத்தான் போட வேண்டும் என்று வணிகக் கல்விக்காரர் சொன்னார். போட்டுக் கிழித்துத் தந்தாள்.

இன்று புதன்கிழமை. அக்குறணையிலிருந்து இன்னும் பதில் இல்லை. இரண்டு நீலச் சரி மட்டும் விழுந்திருக்கிறதாம்.